தோட்டத்துச் சிப்பாய் பிறந்த கதை

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, துரைமாரிடம் அவர்கள் நீட்டிய பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்பது இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் இருந்தது. அவற்றோடு சைக்கிளும் இருந்தது. எதிரே துரையோ, கிராணியோ வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் அதை மீறிவிட்டு வேலையில் நிலைத்தவர்கள் அபூர்வம். அதை எடுத்துவிடுங்கள் என்று அந்த மக்கள் கேட்டார்கள்.

போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடுகடத்தினார்கள். ஆத்திரம் பரவியது. படையைக் கூப்பிட்டார்கள். மே மாதத்தில் ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடக்குவதற்கு அனுப்பப்பட்ட படையில் இருந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். கப்பலேறி வந்த இந்தியன் ஒருவன் கையில் துப்பாக்கி. கப்பலேறி வந்த இன்னொரு இந்தியன் கையில் பால்வெட்டுக் கத்தி. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியவன் ஒரே முதலாளி.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, அதே தோட்டங்களிலிருந்து வந்த அதே மக்கள் காக்கி உடுப்பில், தோளில் துப்பாக்கியோடு அணிவகுத்து நின்றார்கள். இடையில் நடந்தது என்ன என்பதைப் பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கதை நன்றாகவே துலங்குகிறது. அது தொடங்கிய ஜித்ராவும், கடைசியில் வேர்விட்ட பெடோங்கும், நடுவில் வந்துபோகும் பினாங்குத் தீவும் இங்கிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

யார் கையில் ஆயுதம் கொடுப்பது என்பது எந்தச் சமூகத்திலும் வெறும் போர்க்கணக்கு அல்ல. பழைய ரோமாபுரியில் சொத்துள்ளவனுக்கே படையில் இடம். குடிமக்களை உடைமை மதிப்பின்படி ஐந்து வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். வாளும் கேடயமும் அவரவர் செலவு. எந்த வகுப்பிலும் சேராத ஏழைகளைக் கணக்கெடுப்பில் தலையை மட்டும் எண்ணிவிட்டு ஒதுக்கி வைத்தார்கள். வாக்களிக்கும் முறையும் இதே வகுப்புகளின்படி அமைந்திருந்ததால், படையில் இடமில்லாதவனுக்கு மன்றத்திலும் குரலில்லை என்றே ஆயிற்று. கி.மு. 107-இல் கான்சல் பதவிக்கு வந்த காயஸ் மாரியஸ், வட ஆப்பிரிக்காவில் ஜுகுர்த்தாவோடு நடந்த போருக்கு ஆள் திரட்டியபோது, சொத்தில்லாதவர்களையும் வரலாம் என்றார். சொத்து வரம்பு அதற்கு முன்பே படிப்படியாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மாரியஸ் ஒருவரே எல்லாவற்றையும் மாற்றினார் என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் ஒப்புவதில்லை. இருந்தாலும் அந்தக் கதவு ஒருமுறை திறந்த பிறகு மூடவில்லை. ஏழைக்குப் படை ஒரு பிழைப்பாயிற்று. போர் முடிந்தால் நிலம் வேண்டும் என்றான். அதை வாங்கித் தருவது தளபதி என்பதால் தளபதியின் பின்னால் நின்றான். கி.மு. 88-இல் சுல்லா தன் படையை ரோமாபுரி மீதே நடத்திச் சென்றபோது வீரர்கள் கூடவே போனார்கள்.

நம் கதையில் இதற்கு நேர்மாறான ஒரு முன்கதை உண்டு. தமிழனுக்குக் கதவு முதலில் திறந்திருந்தது, பிறகே சாத்தப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி தென்னாட்டில் பிரெஞ்சுக்காரரோடும் பாளையக்காரரோடும் திப்புவோடும் போரிட்டது மதராஸ் படையை வைத்து. அதில் தமிழர், தெலுங்கர், தென்னாட்டு முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைக்குள் கம்பெனியை எதிர்த்து எழுந்தவர்களும் அந்தப் படையினர்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்க் காவலுக்கும் மதராஸ் படைப்பிரிவுகள் வந்துபோயின. ஜார்ஜ் டவுனில் சிப்பாய் லைன்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 1857-க்குப் பிறகு காற்று மாறியது. மதராசிலும் பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, சில சாதிகளே போருக்குப் பிறந்தவை, தென்னாட்டார் அந்த வகையில் சேரமாட்டார்கள் என்ற எண்ணத்தைக் கொள்கையாகவே ஆக்கினார். மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் மதராஸ் ரெஜிமெண்டே இல்லாமல் போயிற்று. அதே காலகட்டத்தில் லட்சக்கணக்கான தமிழர்களை மலாயாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் இனத்தைப் போருக்கு உதவாது என்று எழுதிவைத்ததும், அதையே கூலிக்கு ஏற்ற இனம் என்று பிடித்துக்கொண்டு போனதும் ஒரே அரசாங்கம். துரைமார் எழுதிய தோட்டக் குறிப்புகளில் தமிழனைப் பற்றி வரும் ‘அடக்கமானவன்’ என்ற பாராட்டுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைக் குலைத்த போர் 1941 டிசம்பரில் வந்தது. கெடாவின் வடக்கே ஜித்ராவில் பிரிட்டிஷ் படை இரண்டே நாளில் நொறுங்கியது. அதில் இருந்த 14-ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் கேப்டன் மோகன் சிங், காட்டில் அலைந்து அலோர் ஸ்டார் பக்கம் சரணடைந்தார். ஜப்பானிய உளவுத்துறை மேஜர் புஜிவாராவும், பாங்காக்கிலிருந்து வந்திருந்த கியானி பிரீத்தம் சிங்கும் அவரிடம் பேசினார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் (ஐ.என்.ஏ.) விதை விழுந்தது அங்கே, நம் வடக்கு எல்லையில்.

பினாங்கில் அதே நாட்களில் நடந்ததை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிசம்பர் 11-இல் ஜார்ஜ் டவுன் மீது குண்டுகள் விழுந்தன. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த கூட்டத்தின் மீதே விழுந்தன; நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 16-ஆம் தேதி இரவோடு இரவாக வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஆசியர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றரை நூற்றாண்டு ஆண்டவர்கள் ஓர் இரவில் காணாமல் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது, அதனால் குண்டுவீச்சும் நிற்கவில்லை. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளேட்டின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து அந்தக் கொடியை இறக்கினார். ஜப்பானியர் 19-ஆம் தேதி வந்து சேரும்வரை ஊரைக் கட்டிக்காத்த குழுவுக்கும் அவரே தலைவர். வெள்ளைக்காரனுக்கு முன் இறங்கி நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்டிருந்த ஒரு தலைமுறையின் மனத்தில் இந்த வாரம் செய்ததை எந்தப் படைத்தளபதியின் பேச்சும் செய்திருக்க முடியாது.

முதலில் உருவான படையில் தோட்டத்தானுக்கு இடமில்லை. 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பூங்காவில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானியர் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்து செப்டம்பரில் பதினாறாயிரம் பேர் கொண்ட படை அமைந்தது. அது கைதிச் சிப்பாய்களின் படை. பினாங்கில் இந்திய சுதந்திர லீக் நடத்திய சுயராஜ்ய நிறுவனத்தில் சாதாரணக் குடிமக்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், ஆனால் படித்த இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து, உளவுக்கு. பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் அதன் பொறுப்பில் இருந்தார். அங்கே பயின்ற ஒரு குழுவை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றிக் கேரளக் கரையில் தானூரில் இறக்கினார்கள். பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதரும் இன்னும் மூவரும் 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தன்னைக் கேட்காமலே ஜப்பானியர் மாணவர்களை எடுத்துச் சென்றதால் ராகவன் நிறுவனத்தை மூடினார், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஜப்பானியரோடு முரண்பட்ட மோகன் சிங்கையும் 1942 டிசம்பரில் கைது செய்தார்கள். முதல் படை அத்தோடு கலைந்தது.

தோட்டத்தில் அப்போது வேறு கதை. ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. கப்பல் இல்லை, அரிசி இல்லை; மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும். 1943-இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் கேட்டார்கள். நல்ல சம்பளம், மூன்று மாதம்தான் என்று முதலில் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. பல்லாயிரக்கணக்கான மலாயாத் தமிழர்கள் அந்தக் காட்டில் காலராவிலும் பசியிலும் மடிந்தார்கள். பெயர் எழுதி வைக்க ஆளில்லாமல் மடிந்தார்கள். ஏழு லட்சத்துக்கு மேல் இருந்த இந்தியர் தொகை 1947 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஆறு லட்சம்.

இந்த இடத்தில்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வருகிறார். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் புறப்பட்டு, மடகாஸ்கருக்கு அருகே நடுக்கடலில் ஜப்பானிய ஐ-29 கப்பலுக்கு மாறி, 1943 மே மாதம் சுமத்ராவின் சாபாங்கில் கரையேறினார். அவரை ஏற்றிவரப் போன ஐ-29 புறப்பட்ட இடம் பினாங்குத் துறைமுகம். ஜூலை 4-இல் சிங்கப்பூர் கத்தே அரங்கில் லீக்கின் தலைமையை ஏற்றார். 9-ஆம் தேதி, கொட்டும் மழையில் கலையாமல் நின்ற பெருங்கூட்டத்தில் முழு அணிதிரட்டலை அறிவித்தார்: மூன்று லட்சம் வீரர்கள், மூன்று கோடி வெள்ளி. போர்க்கைதிகளை மட்டும் வைத்து அந்தக் கணக்கு வராது. குடிமக்கள் வந்தாக வேண்டும். மலாயாவில் இந்தியக் குடிமக்கள் என்றால் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். நெடுங்காலமாகச் சாத்தியிருந்த கதவு இப்படித்தான் திறந்தது. மாரியஸின் காலத்தைப் போலவே, ஏழைமேல் பிறந்த அன்பினால் அல்ல, ஆள் தேவைப்பட்டதால். ஆனால் உள்ளே வந்தவர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த மதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அது சரியும் கூட.

மலாயாவில் சேர்ந்த குடிமக்கள் ஏறத்தாழ 18,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. தேசப்பற்று உண்டு. முகாமில் சோறு உண்டு. உடுப்பைப் போட்டவனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் உண்டு. சாவுக்குப் பயந்து சேர்ந்ததைச் சொன்னால் அவர்கள் பற்றுக்குக் குறைவு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னையும் குடும்பத்தையும் மரண ரயிலிலிருந்து காப்பாற்றிக்கொள்ள ஓடிவந்த ஒருவன், ஆறே மாதத்தில் தன்னை ஒரு நாட்டின் வீரனாக நினைக்கத் தொடங்கினான் என்றால், அதுவே பெரிய செய்தி.

முகாமுக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டத்திலும் விடியுமுன் வரிசைதான்: பெரட்டில் தண்டல் பேர் கூப்பிடுவார், கிராணி குறித்துக்கொள்வார், வராதவனுக்கு அன்றைய கூலி போச்சு. முகாமிலும் விடியுமுன் வரிசை. ஆனால் இங்கே கிராணியின் மகனும் தண்டலின் மகனும் பால்வெட்டுக்காரனின் மகனும் ஒரே வரிசையில் நின்றார்கள். கட்டளைகள் இந்துஸ்தானியில் வந்தன. ஒரு சொல்லும் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் முதலில் ஓசையைப் பிடித்தார்கள், பிறகு காலடியை, கடைசியில் பொருளை. பாடத்தை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். சமையல் பொது. எல்லா மதத்தாரும் சாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். லயத்து வீடுகளில் எந்த வரிசை யாருக்கு என்று சாதி பார்த்துப் பிரித்து வைத்திருந்த தோட்டங்கள் அந்தக் காலத்தில் கொஞ்சமல்ல. அங்கிருந்து வந்த ஒருவனுக்கு இந்தப் பந்தி, துப்பாக்கியைவிடப் பெரிய பயிற்சி. இராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் இம்பாலுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்தச் சாப்பாட்டுப் பந்திக்குக் கொடுத்திருக்கலாம்.

பெண்கள் படை பிறந்தது இன்னும் வேகமாக. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூரில் தொழில் நடத்திக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதனுக்கு அப்போது 28 வயது. ஜூலை 12-ஆம் தேதி மகளிர் கூட்டத்துக்குப் போஸ் வரும்போது பெண்களே அணிவகுப்பு மரியாதை தர வேண்டும் என்று முடிவாயிற்று. லட்சுமி வீடுவீடாகப் போய் இருபது பெண்களைத் திரட்டினார். கையில் இருந்தது இரண்டு மூன்று நாள். .303 துப்பாக்கி நான்கு கிலோ எடை. அதைத் தோளிலிருந்து எடுத்து, நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தி, மீண்டும் இறக்கும் அசைவை இருபது பேரும் ஒரே கணத்தில் செய்ய வேண்டும், அதுவும் சேலையில். செய்தார்கள். அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். சேலை போய்க் காக்கிக் கால்சட்டை வந்தது. ஈப்போவிலிருந்து ராசம்மா நவரத்தினம் வந்தார். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்த ஜானகி தேவர் முதலில் தன் வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்; பிறகு தன்னையே கொடுத்தார். பால்வெட்டுக்காரியின் மகளும் ஜானகியும் ஒரே கூரையின் கீழ் தூங்கி, ஒரே மைதானத்தில் ஓடினார்கள். வேறெந்த ஏற்பாட்டிலும் அந்த நாளில் அது நடந்திருக்காது.

போர்க்களக் கதை தெரிந்ததே. 1944-இல் இம்பால், கோஹிமா. பருவமழை, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பின்வாங்கல். ராணிப் படை மேமியோவில் மருத்துவமனை வேலையும் காத்திருப்புமாக இருந்தது. பின்வாங்கும்போது ரயில் மீது நடந்த கெரில்லாத் தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தார்கள். 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச்சின்னத்தைச் செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இந்தப் படையின் மேல் ஒரு கறை உண்டு, அதை மறைத்து எழுதுவது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அது ஜப்பானியரின் தயவில் நின்ற படை. அதே ஜப்பானியர் சீனர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். தமிழர்களை ரயில் பாதைக்கு உரமாக்கினார்கள். தோட்டத்திலிருந்து ஒரு மகன் முகாமுக்குப் போனான், அதே வீட்டிலிருந்து அப்பன் சயாமுக்குப் போனான் என்பது கற்பனையல்ல, அந்தக் காலத்தின் நடப்பு. ரயில் பாதைத் தமிழருக்காகப் போஸ் அமைத்த தற்காலிக அரசு இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. தலைவர் ஒருவரின் மேல் முழு விசுவாசத்தையும் வைத்துக் கட்டிய படைக்கு, அந்தத் தலைவரிடம் கணக்குக் கேட்கும் வழி இருக்காது. சுல்லாவின் பின்னால் நடந்த ரோமாபுரி வீரர்களுக்கும் இருக்கவில்லை.

ஆனால் இந்தப் படை செய்த பெரிய வேலை பர்மாவில் நடக்கவில்லை, திரும்பி வந்த பிறகு நடந்தது. தில்லிச் செங்கோட்டையில் நடந்த விசாரணை படை அதிகாரிகளுக்கு. மன்னர் பேரில் ஒருநாளும் உறுதிமொழி எடுக்காத தோட்டத்துக்காரனை எந்த இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவது? வீட்டுக்குப் போ என்றார்கள். வீடு என்பது அதே லயம். 1945 இறுதியில் துரைமாரும் திரும்பினார்கள், 1941-இல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற நினைப்பில். பெரட்டில் நின்றவர்கள் 1941-இன் ஆட்கள் இல்லை. நிமிர்ந்து நிற்கவும், ஒரே குரலில் பதில் சொல்லவும், பத்துப் பேருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளவும் பழகியவர்கள் அவர்கள்.

தெற்குக் கெடாவில் அது தொண்டர் படை என்ற உருவத்தை எடுத்தது. பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணியைத் தாண்டினால் பெடோங். அங்கே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி அதை நடத்தினார். பழைய நேதாஜி படைக்காரர்கள் பயிற்சி கொடுத்தார்கள். துப்பாக்கிக்குப் பதில் கம்பு. அவர்கள் முதலில் குறிவைத்தது துரையின் பங்களாவை அல்ல, கள்ளுக்கடையை. இதில் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. சம்பள நாளில் ஒரு கையால் கொடுத்த காசைத் தோட்டத்துக் கள்ளுக்கடை மறு கையால் வாங்கிக்கொண்டது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனைத் திரட்ட முடியாது. கடை வாசலில் வரிசையாக நின்று மறித்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைத் தாங்களே கூப்பிட்டு விசாரித்தார்கள். சில இடங்களில் கை ஓங்கியதும் உண்டு. அது எல்லோருக்கும் பிடித்திருக்கவில்லை. தோட்டத்துக்குள்ளேயே இன்னொரு அதிகாரம் எழுந்துவிட்டது என்று நிர்வாகம் உடனே புரிந்துகொண்டது. 1947 மார்ச் தொடக்கத்தில் போலீஸ் ஹார்வர்ட் தோட்டத்துக்குள் புகுந்தது. மோதலில் பலர் காயப்பட்டார்கள், பெருங்கூட்டமாகக் கைதானார்கள், தண்டனை பெற்றார்கள். ஏப்ரலில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. ஒரு தொழிலாளி இறந்தார்.

மேல்மட்டத்திலும் அந்தப் படையின் ஆட்கள் பரவினார்கள். லீக்கில் இருந்த ஜான் திவி 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். ஜானகி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிற்பாடு மலேசிய மேலவையில் உட்கார்ந்தார். ராசம்மா நவரத்தினம், பின்னாளில் ராசம்மா பூபாலன், ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்கு ஆணுக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்று சங்கம் கட்டிப் போராடினார். நேதாஜி படையிலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக அவரைத் தூக்கிலிட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த வேண்டுகோள்கள் காதில் விழவில்லை. வேலூரிலும் கிள்ளானிலும் பெடோங்கிலும் எழுந்து நின்றவர்களுக்கு நடந்ததோடு சேர்த்துப் பார்த்தால், தமிழன் கையில் ஆயுதம் இருப்பதை அந்த அரசாங்கம் தன் தேவைக்கு மட்டுமே பொறுத்துக்கொண்டது என்பது விளங்கும்.

சொத்தில்லாத ரோமானியன் படைக்குப் போனால் கடைசியில் நிலம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பிற்காலத்தில் ரோமானியர் அல்லாத துணைப்படை வீரனும் இருபத்தைந்து ஆண்டு உழைத்தால் குடியுரிமை கிடைத்தது. கேட்டு வாங்கிக்கொண்டால் அதை வெண்கலத் தகட்டில் பொறித்துக் கொடுத்தார்கள். பிரிட்டனிலிருந்து சிரியா வரை மண்ணுக்கடியில் அந்தத் தகடுகள் இன்றும் கிடைக்கின்றன. தோட்டத்துச் சிப்பாய்க்கு எந்த நாடும் அப்படிக் கொடுக்கவில்லை. சுதந்திர இந்தியா தன் படையில் ஐ.என்.ஏ.-காரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, விடுதலைப் போராட்டக்காரருக்கான ஓய்வூதியத் திட்டம் 1972-இல்தான் வந்தது, அதைப் பெற நிரூபிக்கும் காகிதம் லயத்தில் யாரிடம் இருந்தது? மலாயாவில் 1948-க்குப் பிறகு வந்த குடியுரிமை விதிகளில் பிறப்புச் சான்றும், மொழித் தேர்வும், விண்ணப்பமும் கேட்டார்கள். எழுத்தறியாத தோட்டத்து மக்களில் ஏராளமானோர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர்கள் இந்த நாட்டைவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் புறப்பட்டது பினாங்குத் துறைமுகத்திலிருந்து, நாகப்பட்டினமும் சென்னையும் போகும் கப்பலில். 1943-இல் காக்கி உடுப்புப் போட்டவர்களுக்கு அப்போது நாற்பதுகளில் வயது.